மூன்றாம் முறை ஊதியவர்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாம் திண்ணையில் அமர்ந்து விடைத்தாள் திருத்திக் கொண்டிருந்தபோது, பத்தாம் வகுப்பில் நம்மிடம் தமிழ் பயிலும் பையன் ஒருவன் வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். மார்க்கு விசாரிக்க வந்திருக்கிறான் போலும் என்று எண்ணி, "நாளைக்கு வகுப்பில் தெரியும், போ" என்றோம். அவன் போகவில்லை. சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த வெள்ளைத்தாள் இரண்டை எடுத்து நீட்டினான்.

"ஸார், ஒரு மனு எழுதித் தரணும். அம்மா அனுப்பிச்சாங்க. நீங்க எழுதினா நல்ல தமிழா இருக்கும், ஜட்ஜ் ஐயா மனசு இரங்குவாருன்னு சொன்னாங்க."

விஷயம் இதுதான். ஜனங்கள் 'குட்டியானை' என்று செல்லமாக அழைக்கும் சிறு சரக்கு வண்டி ஒன்றைப் பையனுடைய தகப்பனார் கூலிக்கு ஓட்டுகிறார். குடித்துவிட்டு ஓட்டியதாக அவரை இப்போது மூன்றாம் முறையாகப் பிடித்திருக்கிறார்கள். முதல் முறை கட்டிய அபராதத்துக்குத் தாயாரின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று, இன்னும் திரும்பவில்லை. இரண்டாம் முறை வண்டியின் முதலாளி பணத்தைக் கட்டிவிட்டு, மாதச் சம்பளத்தில் கொஞ்சங் கொஞ்சமாகப் பிடித்துக் கொண்டார். லைசென்ஸையும் மூன்று மாதத்துக்கு நிறுத்தி வைத்தார்களாம். "அப்போ வண்டியை யார் ஓட்டினது?" என்று கேட்டோம். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்பாதான். ராத்திரியிலே மட்டும் ஓட்டுன்னு முதலாளி சொன்னாரு" என்றான்.

பேனாவை எடுத்தோம், ஆனால் எழுத ஓடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதே வகுப்பில் அவனுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் ஒரு பெண் உட்காருகிறாள். நான்கு ஆண்டுகளுக்கு முன் விடியற்காலையில் பால் வாங்கப் புறப்பட்ட அவளுடைய தகப்பனாரைப் புறவழிச் சாலையில் ஒரு கார் மோதிற்று. அவர் அங்கேயே இறந்துபோனார். இரவெல்லாம் குடித்துவிட்டு வந்தவன் ஓட்டிய கார் அது. அவன் அதற்கு முந்திய வருஷமே இதே குற்றத்துக்கு அபராதம் கட்டியவன் என்பது பின்னர் வழக்கில் தெரிய வந்தது. உதவித்தொகைப் பாரத்தில் கைநாட்டு வைக்கப் பள்ளிக்கு வந்த அந்தப் பெண்ணின் பாட்டி ஒரு நாள் நம்மிடம் கேட்டாள்: "ஏன் ஐயா, ஒருதரம் பிடிச்சவனை மறுபடியும் வண்டியிலே ஏற விட்டது யாரு?"

அவனைத் தூக்கில் போட வேண்டும் என்று அந்தக் கிழவி சொல்லவில்லை. அவள் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். நாம் பதில் சொல்லத் தெரியாமல் பாரத்தை வாங்கி வைத்துக் கொண்டோம். பையனிடம், "அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா, யோசித்து எழுதி வைக்கிறோம்" என்று சொல்லி அனுப்பினோம். அந்த ஒரு வாரம் படித்ததும் யோசித்ததுமே இக்கட்டுரை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். 1988-ஆம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி, ஓட்டுபவர் உடம்பில் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் சாராயச் சத்து இருக்குமாயின் அது குற்றம். இங்கிலாந்து 1967-ல் வகுத்துக்கொண்ட எல்லை 80 மில்லி கிராம். ஆகவே எல்லையைப் பொறுத்தமட்டில் நம் சட்டம் மிகவும் கண்டிப்பானது என்றே சொல்ல வேண்டும். தண்டனையும் ஏட்டில் சாமான்யமானதன்று. முதற்குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். முன்பெல்லாம் அந்த அபராதம் முதன்முறை 2,000 ரூபாய்க்கும், மறுமுறை 3,000 ரூபாய்க்கும் மேற்படாது. 2019-ல் செய்த திருத்தம் அதை முறையே 10,000 என்றும் 15,000 என்றும் ஆக்கிற்று.

'அல்லது' என்ற இந்தச் சிறு சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. சிறை என்று எழுதியிருந்தாலும், அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே வருவதே பெரும்பாலும் நாம் காண்பது. அபராதம் என்பது விசித்திரமான தண்டனை. காரில் வருகிற கனவானுக்கு 15,000 ரூபாய் ஒரு ராத்திரி நண்பர்களோடு ஹோட்டலில் விருந்துண்ட செலவு. குட்டியானை ஓட்டுபவருக்கோ அது ஒரு மாதத்து ஜீவனம். அதையும் அவரா கட்டுகிறார்? மனைவியின் தோடு கட்டுகிறது. பையனுடைய பரீட்சைக் கட்டணம் கட்டுகிறது. குடித்தவர் மறுநாள் சாயங்காலம் வழக்கமான கடைக்கு வழக்கம்போல் போகிறார். குற்றம் ஒருவருடையது, தண்டனை வேறொருவருடையது என்றால் இதற்கு நீதி என்ற பெயர் பொருந்துமா?

அன்றியும் 'இரண்டாவது குற்றம்' என்று சட்டம் சொல்வது எளிது. அது இரண்டாவது என்று கண்டுபிடிப்பது எளிதன்று. முந்திய தண்டனை மாஜிஸ்திரேட்டின் முன் ருசுவாக வேண்டும். சேலத்தில் கட்டிய அபராதம் திருச்சியில் பிடிக்கிற ஸப்-இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நடுநிசியில் சாலையோரத்தில் கருவியை நீட்டி ஊதச் சொல்கிறார்கள். அது ஒரு சீட்டை அச்சடித்துத் தருகிறது. அந்தச் சீட்டில் அன்றைய மூச்சின் கணக்கு இருக்கும், ஆளின் பூர்வ சரித்திரம் இராது. ஆகையால் பழைய குற்றவாளி பல சமயம் புதுக் குற்றவாளியாகவே நீதிமன்றப் படியேறி இறங்குகிறார்.

இனி, உயிர்ச்சேதம் நேர்ந்துவிட்டால் என்ன ஆகிறது? 2006 நவம்பரில் பம்பாய் பாந்த்ரா கார்ட்டர் சாலையில், நடைபாதையில் படுத்துறங்கிய கூலியாட்கள் மீது ஓர் இளைஞரின் கார் ஏறி ஏழு பேர் மாண்டனர். விசாரணைக் கோர்ட்டு அவருக்கு விதித்தது ஆறு மாதம். ஹைகோர்ட்டு அதை மூன்று வருஷமாக்கிற்று. 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த மூன்று வருஷத்தை உறுதி செய்தபோது, தண்டனை போதாது என்றே கருதுவதாகவும், சர்க்கார் அப்பீல் செய்யாததால் கூட்ட இயலவில்லை என்றும் சொல்லிற்று. தில்லி லோதி காலனியில் 1999 ஜனவரியில் ஆறு பேர் மாண்ட வழக்கும் 2012-ல்தான் முடிவுக்கு வந்தது. அதில் ஏற்கெனவே அனுபவித்த இரண்டு வருஷம் போதுமென்று வைத்து, 50 லட்ச ரூபாய் கட்டவும் இரண்டு வருஷம் சமூக சேவை செய்யவும் உத்தரவாயிற்று. இரண்டு வழக்கிலும் கோர்ட்டு பிரயோகித்தது, மரணம் நேரலாம் என்று தெரிந்தே செய்த செயலுக்குப் பத்து வருஷம் வரை விதிக்கக்கூடிய பிரிவு.

இதில் நமக்கு ஒன்று புரியவில்லை. ஒரே மனிதர், ஒரே அளவு மது, ஒரே சாலை. அந்த நிமிஷத்தில் யாரும் குறுக்கே வராவிட்டால் 10,000 ரூபாய். ஒருவர் பால் வாங்க வந்துவிட்டால் பத்து வருஷம். இரண்டு ராத்திரிகளிலும் குடித்தவர் செய்தது ஒன்றே. வித்தியாசம் எதிரே வந்தவரின் தலைவிதியில்தான் இருக்கிறது. பிணம் விழுந்த பிறகு விழித்துக்கொள்ளும் சட்டம், விழுவதற்கு முன் இரண்டு முறை அதே மனிதரைக் கையில் பிடித்தபோது ஏன் உறங்கிற்று? கிழவியின் கேள்வியும் இதுவேயன்றோ?

2022-ஆம் வருஷத்தில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் தொகை 1,68,491 என்று மத்திய சர்க்காரின் போக்குவரத்து இலாகா கணக்குக் காட்டுகிறது. தமிழ்நாட்டில் மட்டும் 17,884. இவற்றில் குடியால் நேர்ந்தவை என்று எழுதப்பட்டிருப்பவை நூற்றுக்கு இரண்டு, மூன்றுக்குமேல் இல்லை. இதைக் கண்டு, "இவ்வளவுதானா?" என்று யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். விபத்துக்குக் காரணம் 'அதிவேகம்' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. அந்த அதிவேகத்துக்குக் காரணம் என்ன என்று கேட்கும் கட்டம் பாரத்தில் அபூர்வமாகவே நிரப்பப்படுகிறது.

நிற்க. கடுமையாகத் தண்டிக்க வேண்டும் என்ற கட்சியில் நாமும் வெகுகாலம் இருந்தவர்களே. வாலிபத்தில், "குடித்து ஓட்டுகிறவனுக்கு முதல் தடவையே ஐந்து வருஷம் போடு" என்று ஆசிரியர் அறையில் மேஜையைத் தட்டிப் பேசியதுண்டு. இப்போது அவ்வளவு உறுதியாகத் தட்ட முடியவில்லை. பிற தேசங்களின் அனுபவம் வேறுவிதமாக இருக்கிறது.

இங்கிலாந்தில் 1967 அக்டோபரில் மூச்சுப் பரிசோதனைச் சட்டம் அமலுக்கு வந்தது. பார்பரா காஸில் என்ற அம்மையார் அப்போது போக்குவரத்து மந்திரி. அமலுக்கு வந்தவுடன் இரவு நேர விபத்துகள் மளமளவென்று குறைந்தன. ஆனால் சில வருஷங்களில் பழைய நிலை மெள்ளத் திரும்பிற்று. தண்டனை குறைக்கப்பட்டதா என்றால், இல்லை. போலீஸார் ஊதச் சொல்வது தாம் பயந்த அளவுக்கு அடிக்கடி நிகழவில்லை என்பதை ஜனங்கள் கண்டுகொண்டார்கள்; அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் நியூ ஸௌத் வேல்ஸ் மாகாணம் 1982 டிசம்பரில் வேறு வழியைப் பிடித்தது. சந்தேகப்பட்டவரை மட்டுமன்றி, சாலையை மறித்து வருவோர் எல்லோரையும் ஊதச் சொன்னார்கள். ஒரு நாள் இரண்டு நாளல்ல, வருஷந்தோறும் லட்சக்கணக்கில். அங்கே குறைந்த மரணங்கள் பெரும்பாலும் குறைந்தே நின்றன.

இதிலிருந்து நாம் அறிவது யாதெனில், குடித்தவன் வருஷக் கணக்கைப் பார்த்துப் பயப்படுவதில்லை. இன்றிரவு மாட்டிக்கொள்வோமா என்பதையே பார்க்கிறான். நம் மாணவர்களும் அப்படித்தான். வீட்டுப் பாடம் செய்யாதவனுக்குப் பத்துப் பிரம்படி என்று அறிவித்துவிட்டு மாதத்துக்கு ஒரு முறை நோட்டுப் பார்க்கும் ஆசிரியரைவிட, அரை மணி நேரம் நிறுத்தி வைத்தாலும் தினந்தோறும் நோட்டுப் பார்க்கும் ஆசிரியருக்கே வகுப்பு பயப்படும். (பிரம்பு இப்போது சட்டப்படி கூடாது, வாசகர்கள் உவமையாகவே கொள்க.)

ஆயினும் இது முதல் முறை மாட்டுபவருக்குப் பொருந்துகிற அளவுக்கு மூன்றாம் முறை மாட்டுபவருக்குப் பொருந்துமா? மூன்றாம் முறை வருகிறவரில் இரண்டு ரகம் உண்டு என்று நமக்குத் தோன்றுகிறது. ஒருவர் பண பலமோ ஆள் பலமோ உள்ளவர், 'என்ன ஆகிவிடும்?' என்று துணிந்தவர். இன்னொருவர் குடிக்கு அடிமையானவர். அவருக்குக் காலையில் கை நடுங்குவதே ஊற்றினால்தான் நிற்கும். முன்னவருக்கு அபராதம் உறைக்காது. பின்னவருக்கு உறைக்கும், ஆனால் உறைத்தும் பயனில்லை. அவரிடம் பத்து வருஷம் என்று சொல்லுங்கள், இருபது வருஷம் என்று சொல்லுங்கள். அந்தக் கணக்கைப் போடுகிற மூளையைத்தான் மது முதலில் பறிக்கிறது. குடித்தவர் எவரும் தமக்கு நிதானம் தவறியதாக ஒப்புக்கொள்வதில்லை என்பதை நாமெல்லோரும் கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறோம்.

இந்தப் பின்னவரைக் குறித்துத்தான் அமெரிக்காவின் ஸௌத் டகோட்டா மாகாணத்தில் செய்த காரியம் நம் கருத்தைக் கவர்ந்தது. அங்கே 2005 முதல், திரும்பத் திரும்பக் குடித்து ஓட்டிப் பிடிபட்டவர்கள் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் போலீஸ் அதிகாரியின் அலுவலகத்துக்கு வந்து ஊதிவிட்டுப் போக வேண்டும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு டாலர் அவர்களே கொடுக்க வேண்டும். மூச்சில் மது தெரிந்தால் வாதம் இல்லை, வாய்தா இல்லை. அந்த நிமிஷமே ஓரிரு நாள் சிறை. வராமற்போனாலும் அப்படியே. வருஷக்கணக்கில் சிறை என்று சொல்லி ஒன்றும் நடவாமல் போவதைக் காட்டிலும், ஒரே நாள் என்று சொல்லித் தவறாமல் நடத்துவது பலித்தது. பரிசோதனைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்டவை சுத்தமாகவே இருந்தன. 2013-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, இம்முறையைக் கைக்கொண்ட ஜில்லாக்களில் திரும்பக் குடித்து ஓட்டிப் பிடிபடுவோர் நூற்றுக்குப் பன்னிரண்டு குறைந்தனர் என்றும், வீட்டில் மனைவி மக்களை அடித்துக் கைதாவோரும் நூற்றுக்கு ஒன்பது குறைந்தனர் என்றும் கண்டது. இரண்டாவது கணக்கை நம் வீட்டுப் பெண்மணிகள் ஒரு தரம் கூடுதலாகப் படிக்கக் கோருகிறோம்.

இது நம் நாட்டில் நடக்கிற காரியமா என்று கேட்கலாம். ஏன் நடக்காது? ஜாமீனில் விடும்போது, 'தினந்தோறும் காலையும் மாலையும் ஸ்டேஷனில் ஆஜராகிக் கையெழுத்திட வேண்டும்' என்று நம் கோர்ட்டுகள் நிபந்தனை விதிப்பது சர்வ சாதாரணம். எத்தனையோ பேர் அப்படிப் போய்க் கையெழுத்திட்டு வருகிறார்கள். அந்தக் கையெழுத்தோடு ஒரு மூச்சையும் சேர்த்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? கருவி ஏற்கெனவே போலீஸாரிடம் இருக்கிறது.

அமெரிக்காவில் மற்றொரு சாதனமும் உண்டு. ஓட்டுபவர் முதலில் குழலில் ஊத வேண்டும். மது இருந்தால் எஞ்சின் கிளம்பாது. அங்குள்ள எல்லா மாகாணங்களிலும் இது பற்றிச் சட்டம் இருக்கிறது. கருவி வண்டியில் இருக்கும் மட்டும், திரும்பக் குற்றம் செய்வது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு. கழற்றிவிட்டால் பழைய கதைதான். மனிதரை அது மாற்றுவதில்லை. வண்டியைத்தான் காவல் காக்கிறது. பெண்ணின் தகப்பனார் உயிரோடிருக்க அதுவே போதுமாயிருந்திருக்கும்.

அந்நாட்டில் இவ்விஷயத்துக்குப் பெரும் வேகம் பிறந்தது ஒரு தாயாரால். 1980-ல் கலிபோர்னியாவில் காண்டி லைட்னர் என்பவருடைய பதின்மூன்று வயது மகளைக் கொன்ற ஓட்டி, முன்பே பலமுறை பிடிபட்டவர். மற்றொரு விபத்து வழக்கில் ஜாமீனில் வெளிவந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்த அம்மையார் தம்மைப் போன்ற தாய்மாரைத் திரட்டிச் சங்கம் அமைத்தார். அவர்கள் எழுப்பிய கேள்விக்கும் நம் ஊர்ப் பாட்டி கேட்ட கேள்விக்கும் பாஷைதான் வேறு.

நம் சட்டத்திலும் வழி இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 19-ஆவது பிரிவைப் படித்துப் பார்த்தோம். வழக்கமாகக் குடிக்கிறவர் என்று கண்டால் லைசென்ஸ் கொடுத்த அதிகாரியே அதை ரத்து செய்யலாம் அல்லது குறித்த காலத்துக்குத் தகுதி நீக்கலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டு நியமித்த சாலைப் பாதுகாப்புக் கமிட்டி 2015-ல், குடித்து ஓட்டினால் குறைந்தது மூன்று மாதமேனும் லைசென்ஸை நிறுத்தி வைக்க வேண்டும் என்று எல்லா மாகாண சர்க்கார்களுக்கும் எழுதிற்று. இங்கிலாந்தில் முதல் முறைக்கே குறைந்தது ஒரு வருஷம். பத்து வருஷத்துக்குள் இரண்டாம் முறை பிடிபட்டால் குறைந்தது மூன்று வருஷம். நாம் மூன்று மாதத்தோடு நின்றுவிடுகிறோம். அந்த மூன்று மாதத்திலும் ராத்திரியில் வண்டி ஓடுகிறது. லைசென்ஸ் நிறுத்தப்பட்டவர் ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை என்று 182-ஆவது பிரிவு சொல்கிறதே என்றால், சொல்கிறது, அவ்வளவே.

இங்கேதான் முதலாளியைப் பற்றிப் பேச வேண்டும். ஜப்பானில் 2006-ல் புக்குவோக்கா நகரத்துப் பாலமொன்றில், குடித்தவர் ஓட்டிய கார் மோதி ஒரே குடும்பத்துக் குழந்தைகள் மூவர் கடலில் மூழ்கி மாண்டனர். தேசமே துடித்தது. அடுத்த வருஷமே சட்டத்தைத் திருத்தினார்கள்: ஓட்டியை மட்டுமல்ல, அவர் குடித்தவர் என்று அறிந்தும் வண்டியைக் கொடுத்தவரையும், ஓட்டப்போகிறார் என்று அறிந்தும் மது கொடுத்தவரையும், தெரிந்தே உடன் ஏறிச் சென்றவரையும் தண்டிக்கலாம் என்று ஆக்கினார்கள். நம் சட்டத்தின் 188-ஆவது பிரிவும் இக்குற்றத்துக்கு உடந்தையாயிருப்பவருக்கு ஓட்டியின் தண்டனையே என்கிறது. ஆனால் மறுநாள் காலையில் வேறு டிரைவரை அழைத்துவந்து குட்டியானையை மீட்டுக்கொண்டு போகிற முதலாளியை, "லைசென்ஸ் இல்லாதவரிடம் இதை எப்படி ஐயா கொடுத்தீர்?" என்று கேட்கிறவர் யார்? வண்டி மூன்று மாதம் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நின்றால், அதற்கடுத்த மாதம் முதலாளியே டிரைவரின் வாயை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார்.

உடந்தை என்று பேசப்போனால் அது எங்கே போய் முடியும் என்பதும் நமக்குத் தெரியாததன்று. 1937 அக்டோபர் முதல் தேதி ராஜாஜியின் மந்திரி சபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிய மாகாணம் இது. அதே மாகாணத்தில் 2003 முதல் சில்லறை மது வியாபாரத்தைச் சர்க்கார் ஸ்தாபனமே ஏகபோகமாக நடத்தி வருகிறது. சர்க்கார் ஒரு கையால் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, அடுத்த முனையில் மறு கையால் கருவியை நீட்டி ஊதச் சொல்வதைப் பார்த்து அயலூரார் நகைக்கிறார்கள். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான். மறு வருஷமே, 20,000 பேருக்கு மேற்படாத ஊர்களில் அது 220 மீட்டராகக் குறுகிற்று. பிறகு நகராட்சி எல்லைக்குள் பொருந்தாது என்றும் ஆயிற்று. இந்தப் பெரிய விவகாரத்தை இங்கே விரித்தால் கட்டுரை தடம் மாறிவிடும். கடை இருப்பதால் குடித்தேன் என்று ஒருவர் சொல்லலாம். கடை இருப்பதால் வண்டி ஓட்டினேன் என்று யாரும் சொல்ல முடியாது.

அப்படியானால் எவ்வளவு கடுமை வேண்டும்? திருக்குறளில் 'வெருவந்த செய்யாமை' என்ற அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அதன் முதற் குறளில் சற்றுத் தங்குவது நம் வழக்கம். குற்றம் மறுபடியும் நிகழாதபடி, அதற்கு ஒத்த அளவில் தண்டிப்பதையே அரசனின் கடமையாக வள்ளுவர் வைக்கிறார். பழி வாங்குவதை அவர் அளவுகோலாக வைக்கவில்லை. கஜானாவுக்கு வரும்படியையும் வைக்கவில்லை. அந்த அளவுகோலால் பார்த்தால், நம் அபராதம் ஒரே சமயத்தில் மிகக் கடுமையாகவும் மிக மெத்தனமாகவும் இருக்கிறது. குடும்பத்தின்மேல் கடுமை, ஓட்டியின்மேல் மெத்தனம்.

நம் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறோம். இரண்டாம் முறை பிடிபட்டவரிடமிருந்து பணத்தைவிட முதலில் பிடுங்க வேண்டியது வண்டி ஓட்டும் உரிமை. மூன்று மாதமல்ல, மூன்று வருஷமாவது. அதைத் திரும்பப் பெற வேண்டுமானால், நாள் கழிந்தது என்பது போதாது. குடியை விட்டதற்கு அவர் ருசு காட்ட வேண்டும். அதுவரை தினம் இரு வேளை ஊதட்டும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் வைத்தியம் செய்துகொள்ளட்டும். அபராதம் அவரவர் வரும்படிக்குத் தக்கபடி இருக்கட்டும். கனவானுக்கும் கூலிக்காரருக்கும் ஒரே தொகை என்பது சமத்துவமாகாது. சிறையோ, உரிமை பறிபோன பின்னும் சாவியைத் தொட்டவருக்காக வைத்திருக்கட்டும். அவர் விஷயத்தில் 'அல்லது' என்ற சொல்லை அடித்துவிடலாம். சாவியைக் கொடுத்தவரும் கூடவே போகட்டும்.

வயிற்றுப் பிழைப்பு என்ற ஆட்சேபம் வரும். லேசான ஆட்சேபமன்று, ஏனெனில் அந்த வயிறுகளில் ஒன்று நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. ஓட்டத் தெரிந்தவர் சுமை ஏற்றுகிறார், கிடங்கில் கணக்கெழுதுகிறார். வரும்படி குறையும், கௌரவம் குறையும், வீட்டில் சில மாதம் கஞ்சி நீர்க்கும். இதை மறைத்துப் பேச நாம் விரும்பவில்லை. ஆனால் ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் இயலாதவர் என்று ஒருவரைச் சாலையில் விட்டுவைத்தால், எதிரே வருகிறவரின் பிழைப்பை எந்தக் கணக்கில் எழுதுவது? நான்கு வருஷமாக அந்தப் பாட்டி இட்லிக் கடை வைத்துப் பேத்தியைப் படிக்க வைக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையன் வந்தான். மனு தயாராயிருந்தது. மனுதாரரின் கணவர் முன்பு இருமுறை தண்டனை அடைந்தவர் என்பதை மறைக்காமல் எழுதியிருந்தோம். குடும்பத்தின் நிலைமையையும், அடகிலிருக்கும் தோட்டையும் எழுதியிருந்தோம். ஆகவே அபராதத்தைக் கூடிய மட்டும் குறைத்து, அதற்குப் பதிலாக அவருடைய லைசென்ஸை நீண்ட காலத்துக்கு ரத்து செய்யும்படியும், தினம் இரு வேளை ஸ்டேஷனில் ஆஜராகி ஊதும்படியும், ஜில்லா ஆஸ்பத்திரியில் குடியை மறக்கச் செய்யும் பிரிவில் சேரும்படியும் கனம் கோர்ட்டார் உத்தரவிட வேண்டும் என்று பிரார்த்தித்திருந்தோம்.

பையன் நின்றபடியே முழுவதும் படித்தான். நன்றாகப் படிக்கிற பையன்; 'ரத்து' என்ற இடத்தில் கண் நின்றது.

"ஸார், லைசென்ஸை எடுத்துக்கச் சொல்லி எழுதியிருக்கீங்களே?"

"ஆமாம்."

"அப்பா என்னை அடிப்பாரு."

"அப்பாவிடம் காட்ட வேண்டாம். கையெழுத்துப் போட வேண்டியது உன் அம்மா. அவளிடம் ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு. வேண்டாம் என்று அவள் சொன்னால் கொண்டுவா. அபராதத்தை மட்டும் குறைக்கச் சொல்லி வேறு எழுதித் தருகிறோம்."

அவன் தாளைப் பழைய மடிப்பின்மேலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். திரும்பி வரவில்லை. மறுநாள் வகுப்பில் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நாம் ஒன்றும் கேட்கவில்லை. மணி அடித்து எல்லோரும் போன பிறகு மேஜையருகில் வந்து, வாய்தா அடுத்த மாதம் ஏழாம் தேதி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.